எட்டே எபிசோடில் கதை ஏன் முடிகிறது? சீரியல், வெப் சீரிஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவேரிப்பட்டணத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் கேபிள், இன்டர்நெட் இணைப்பு கொடுப்பது என் தொழில். பாக்ஸ் மாற்றப் போனாலும் வயர் இழுக்கப் போனாலும், வேலை முடிவதற்குள் யாராவது ஒரு சந்தேகம் கேட்டுவிடுவார்கள். ரீசார்ஜ், சிக்னல் பற்றிய கேள்விகளை இங்கே சேர்க்கவில்லை. கதையை எப்படி நறுக்குகிறார்கள், எப்போது விடுகிறார்கள், ஏன் நிறுத்துகிறார்கள் என்று கேட்டவை மட்டும். கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். ஒன்றைத் தொட்டு இன்னொன்று வருவதால் மேலிருந்து படித்தால் சுலபம்.

"தம்பி, சீரியலும் வெப் சீரிஸும் ஒண்ணுதானே? பேருதானே வேற?"

இரண்டும் தொடர்கதைதான். சீரியல் சேனல் சொல்லும் நேரத்தில் வரும், நாம்தான் போய் உட்கார வேண்டும். வெப் சீரிஸ் ஆப்பில் இருக்கும், நமக்கு நேரம் கிடைக்கும்போது பார்க்கலாம். இது எல்லோருக்கும் தெரிந்த வித்தியாசம். தெரியாத வித்தியாசம் ஒன்று உண்டு: சீரியலை ஆரம்பிக்கும்போது அது எப்போது முடியும் என்று எடுப்பவருக்கே தெரியாது. வெப் சீரிஸில் பெரும்பாலும் கடைசிக் காட்சி வரை எழுதிவிட்டுத்தான் கேமராவை வெளியே எடுக்கிறார்கள். கீழே வரப்போகிற பாதி பதில்களுக்கு இதுதான் அடிப்படை.

இந்தியாவில் இது ரொம்பப் பழைய கதை இல்லை. ஹாட்ஸ்டார் 2015-இல் வந்தது. நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரியில், அமேசான் பிரைம் வீடியோ அதே வருடம் டிசம்பரில். நடுவில் செப்டம்பரில் ஜியோ வந்தது. அதற்கு முன்பு ஒரு ஜிபியை மாதம் முழுக்க இழுத்துப் பிடித்து ஓட்டிய ஊர் இது.

"எட்டே எபிசோட்ல முடிச்சிட்டாங்க. எங்க சீரியல் ஆயிரத்தைத் தாண்டி ஓடுதே, இவங்களுக்கு மட்டும் கதை பஞ்சமா?"

அதிகம் கேட்கப்படுவது இதுதான். கதை பஞ்சம் காரணம் இல்லை. காசு எங்கிருந்து வருகிறது என்பதுதான் காரணம்.

சேனலுக்கு விளம்பரத்தில் வருமானம். இரவு எட்டு மணிக்கு இத்தனை வீட்டில் இந்தச் சேனல் ஓடுகிறது என்று காட்டித்தான் விளம்பரம் வாங்க முடியும். எட்டு மணிக்கு உட்காரும் பழக்கத்தை ஒரு சீரியல் உண்டாக்கிவிட்டால் அதை முடிப்பது நஷ்டம். புதுசு போட்டால் ஜனங்கள் ரிமோட்டை எடுப்பார்கள். அதனால் ‘கோலங்கள்’ 2003-இல் தொடங்கி 2009 வரை 1500 எபிசோடுக்கு மேல் போனது. ‘சந்திரலேகா’ 2014-இலிருந்து 2022 வரை ஓடி 2000-ஐயும் தாண்டியது. ஆப்பில் கணக்கு வேறு. நீங்கள் ஏற்கெனவே சந்தா கட்டிவிட்டீர்கள். அதே கதையில் இன்னும் ஐம்பது எபிசோட் எடுத்தால் புதிதாக ஒருவர் சந்தா கட்டப் போவதில்லை. வேறு ஒரு புதுக் கதைக்கு ஒருவேளை கட்டுவார். அதனால் சின்னதாக, நிறைய, விதவிதமாக எடுக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குறைந்த எபிசோட் என்பது ஆப் கண்டுபிடித்த விஷயமே இல்லை. தூர்தர்ஷன் காலத்தில் 13 வாரம்தான் கணக்கு. வருடத்தின் 52 வாரத்தில் கால் பாகம். தொண்ணூறுகளின் பின்பாதியில் வந்த ‘மர்மதேசம்’ வாரம் ஒருமுறைதான் வந்தது. அந்த நாள் வந்தால் தெருவே டிவி இருக்கும் வீட்டில் கூடும். 1999-இல் ‘சித்தி’ வந்து தினமும் ஓட ஆரம்பித்த பிறகுதான் நமக்கு சீரியல் என்றால் முடியாத ஒன்று என்று ஆகிப்போனது.

"ஒரு எபிசோட் அரை மணி, இன்னொண்ணு ஒரு மணி நேரம். ஒரு அளவே கிடையாதா?"

கிடையாது. டிவியில் அளவு உண்டு, ஏனென்றால் எட்டரைக்கு அடுத்த சீரியல் ஆரம்பிக்க வேண்டும். அரை மணி நேர இடத்தில் விளம்பரம் போகக் கதைக்குக் கிடைப்பது 20, 22 நிமிடம். மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்று விதியே இருக்கிறது. அமெரிக்க டிவியிலும் ஒரு மணி நேர நாடகம் என்றால் உண்மையில் 42, 44 நிமிடம்தான். ஆப்பில் அடுத்து எதுவும் காத்திருக்கவில்லை. ‘அயலி’ என்ற தமிழ் வெப் சீரிஸின் எபிசோடுகள் அரை மணியை ஒட்டியவை. ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ நான்காம் சீசனின் கடைசி எபிசோட் இரண்டேகால் மணி நேரத்துக்கும் மேல், முழுப் படம் மாதிரி.

இதற்கு நல்ல உதாரணம் தமிழிலும் பலர் பார்த்த ‘மணி ஹைஸ்ட்’. ஸ்பெயினில் ஆன்டெனா 3 என்ற சேனலில் 2017-இல் வந்தபோது அது 15 எபிசோட், ஒவ்வொன்றும் எழுபது நிமிடத்தைத் தொடும். நெட்ஃபிளிக்ஸ் வாங்கி, அதையே சின்னச் சின்னதாக 22 எபிசோடாக மறுபடி வெட்டி உலகத்துக்குக் கொடுத்தது. அதாவது நாம் பார்த்த பல "தொடரும்" இடங்கள் எழுதியவர் வைத்த இடங்கள் அல்ல. அதே கதை, அதே நடிப்பு; வெட்டும் இடத்தை மாற்றினால் பார்க்கிற வேகமே மாறிப்போகிறது.

"எல்லா எபிசோடையும் ஒரே நாள்ல விட்டுட்டா அவனுக்கு என்னண்ணா லாபம்?"

இந்தப் பழக்கத்தைப் பெரிதாக ஆரம்பித்தது நெட்ஃபிளிக்ஸ். 2013 பிப்ரவரி 1-ஆம் தேதி ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’ தொடரின் 13 எபிசோடையும் மொத்தமாக இறக்கியது. (எண்ணிக்கையைக் கவனியுங்கள், பழைய டிவியின் 13-ஐ அப்போதும் விடவில்லை.) அந்தக் காலத்தில் அது புதுசு என்பதே விளம்பரம். எந்தச் சேனலாலும் செய்ய முடியாத ஒன்றைச் செய்து காட்டினார்கள்.

இன்னொரு லாபம், நீங்கள் பாதியில் எழுந்து போக மாட்டீர்கள். ஒரு எபிசோட் முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும் வசதியை 2012-இலேயே கொண்டுவந்துவிட்டார்கள். "தொடரும்" என்று போட்டால் முன்பு மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். இப்போது சில நொடிதான். எழுதுபவர்களும் இதற்குத் தகுந்த மாதிரி மாறினார்கள். சீரியலில் விளம்பரத்துக்கு முன்னால் ஒரு அதிர்ச்சி, மூன்று முறை ஜூம், இடி சத்தம். வெப் சீரிஸில் அந்த அதிர்ச்சி கடைசி நிமிடத்துக்கு நகர்ந்துவிட்டது, ரிமோட்டைத் தேடும் அந்த நிமிடத்துக்கு. ராத்திரி ரெண்டு மணி வரை பார்த்துவிட்டுக் காலையில் கண் எரிச்சலோடு வேலைக்குப் போகிறவர்கள் யாரும் தங்கள் மனவலிமையைக் குறை சொல்ல வேண்டாம். எழுதியதே அதற்காகத்தான்.

"அப்ப சிலது மட்டும் ஏன் வாரா வாரம் இழுத்து இழுத்து வருது?"

மொத்தமாக விட்டதில் ஒரு ஓட்டை இருந்தது. ஒரே மாதத்துக்குப் பணம் கட்டி, எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, சந்தாவை நிறுத்திவிட்டுப் போய்விடலாம். பேச்சும் ஒரு வாரத்தில் அடங்கிவிடும். எட்டு வாரம் வந்தால் இரண்டு மாதச் சந்தா, எட்டு வாரப் பேச்சு. டிஸ்னி 2019 நவம்பரில் ‘தி மாண்டலோரியன்’ தொடரை வாரம் ஒன்றாக விட்டது. அமேசான் ‘தி பாய்ஸ்’ முதல் சீசனை 2019-இல் மொத்தமாக விட்டு, அடுத்த வருடம் இரண்டாம் சீசனில் முதலில் மூன்று, அப்புறம் வாரம் ஒன்று என்று மாறியது.

மொத்தமாக விடுவதில் பிடிவாதமாக இருந்த நெட்ஃபிளிக்ஸே இப்போது பெரிய தொடர்களைத் துண்டு போடுகிறது. ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ கடைசி சீசன் 2025-இல் மூன்று தவணையாக வந்தது: நவம்பர் கடைசியில் ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று, புத்தாண்டுக்கு முந்தைய இரவு ஒன்று. சுற்றிச் சுற்றிப் பழைய டிவியின் வழிக்கே வந்து நிற்கிறார்கள் என்பது என் கருத்து.

"சீசன்னா என்னாங்க? ரெண்டாவது சீசன் வர்றதுக்குள்ள மொத சீசன் கதையே மறந்து போவுது."

ஒரு கதையை ஒரு தவணையாக எழுதி, எடுத்து, விடுவது ஒரு சீசன். அமெரிக்காவில் பழைய டிவி சீசன் என்றால் செப்டம்பரில் ஆரம்பித்து மே வரை 22, 24 எபிசோட். அடுத்த செப்டம்பரில் மறுபடி ஆரம்பிக்கும். ஆப் வந்த பிறகு அந்த வருடக் கணக்கு போய்விட்டது. ‘சுழல்’ என்ற தமிழ் வெப் சீரிஸின் முதல் சீசன் 2022 ஜூனில் வந்தது, இரண்டாவது 2025 பிப்ரவரியில். ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ 42 எபிசோடுக்கு 2016-இலிருந்து 2025 வரை எடுத்துக்கொண்டது. முதல் சீசனில் சைக்கிள் ஓட்டிய பொடிசுகள் கடைசி சீசனில் பெரிய ஆட்களாகிவிட்டார்கள்.

காரணம் முதல் கேள்வியிலேயே இருக்கிறது. முதல் சீசன் ஓடியதைப் பார்த்த பிறகுதான் இரண்டாவதுக்குச் சம்மதம் சொல்வார்கள். அப்புறம்தான் எழுத்து, அதற்குப் பிறகு நடிகர்களின் தேதி, படப்பிடிப்பு, கிராஃபிக்ஸ், பல மொழி டப்பிங். உலகம் முழுக்க ஒரே நாளில் விடுவதால் தமிழ் டப்பிங்கும் ஆங்கிலமும் ஒன்றாகத் தயாராக வேண்டும்.

"ஒவ்வொரு எபிசோடுலயும் ஆளும் வேற, கதையும் வேறயா வருதே, அது என்ன?"

அது தொகுப்பு. ஒரு பொதுப் பொருளை வைத்துக்கொண்டு தனித்தனிக் கதைகள். 2021-இல் வந்த ‘நவரசா’ ஒன்பது ரசத்துக்கு ஒன்பது கதை, ஒன்பது எபிசோட். எந்த வரிசையிலும் பார்க்கலாம், பிடிக்காததை விட்டுவிடலாம். தினசரி சீரியலில் இதற்கு இடமே இல்லை, ஒரே முகங்களைப் பார்க்கத்தான் தினமும் உட்காருகிறோம்.

"ஷூட்டிங்காவது ஒரே மாதிரிதானே?"

இல்லவே இல்லை. தினசரி சீரியலில் ஒரு வீட்டை செட்டாக வைத்துக்கொண்டு, ஒளிபரப்புக்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள். கையில் சில எபிசோட் இருப்பு இருக்கும், அது தீர்ந்தால் பதற்றம். கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் ஒருவர். ரேட்டிங் இறங்கினால் அடுத்த வாரமே செத்தவர் உயிரோடு வருவார், நல்லவர் கெட்டவராவார். நடிகர் விலகினால் "இனி இவருக்குப் பதில் இவர்" என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கதை நகர்ந்துவிடும். இதைக் கேலி செய்பவர்கள் உண்டு. எனக்கு அதில் ஒரு மரியாதை இருக்கிறது. தினமும் 20 நிமிடக் கதையை, வருடக்கணக்கில், விடாமல் கொடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை.

வெப் சீரிஸை ஒரு நீளமான சினிமா மாதிரி எடுப்பார்கள். போலீஸ் ஸ்டேஷன் காட்சி எட்டு எபிசோடிலும் இருந்தால் எட்டையும் சேர்த்து ஒரே மூச்சில் எடுத்துவிடுவார்கள். அதற்கு முழு எழுத்தும் முன்னாடியே தயாராக இருக்க வேண்டும். ‘சுழல்’ முதல் சீசனை உருவாக்கி எழுதியவர்கள் புஷ்கர், காயத்ரி. இயக்கியவர்கள் பிரம்மா, அனுசரண் இரண்டு பேர், ஆளுக்குப் பாதி. எழுத்து உறுதியாக இருந்ததால்தான் இரண்டு கை பட்டும் ஒரே கதையாக நின்றது.

அந்தக் கதை மயானக் கொள்ளைத் திருவிழா நாட்களுக்குள்ளேயே ஓடுகிறது. மாசி மாதம் சிவராத்திரிக்கு மறுநாள் எங்கள் ஊரில் அங்காளம்மன் வேடம் போட்டவர்கள் தெருவில் இறங்கும்போது என்ன சத்தம், என்ன நெரிசல் என்று தெரிந்தவர்களுக்கு அதைப் பார்க்கும்போது கொஞ்சம் கூடுதலாகவே புல்லரிக்கும். ஒரு திருவிழாவை எட்டு எபிசோட் முழுக்கப் பின்னணியாக வைத்து, ஒவ்வொரு நாளாகக் கதையை முன்னால் நகர்த்த சீரியலில் வழியில்லை. அங்கே திருவிழா என்றால் ஒரு வாரம் கோயில் எபிசோட், அதில் தீச்சட்டி எடுக்கும் மருமகள். முடிந்தால் மறுபடி ஹாலுக்கு வந்துவிடுவார்கள்.

"மூணு எபிசோட் வரைக்கும் பொறுத்துக்கோ, அப்புறம் சூப்பரா இருக்கும்ங்கிறாங்க. ஏன் பொறுத்துக்கணும்?"

பொறுக்கத் தேவையில்லை. இது ஆப் தொடர்களுக்கே வந்த வியாதி. பல தொடர்கள் உண்மையில் இரண்டரை மணி நேரப் படத்துக்கான கதை. சினிமாவாக எடுக்க ஆள் கிடைக்காமல் எட்டு எபிசோடாகிவிடுகிறது. விளைவு: கார் போகிறது, ஹீரோ யோசிக்கிறார், ட்ரோன் ஷாட், மழை. நடுவில் நான்காவது, ஐந்தாவது எபிசோட் தொய்ந்துவிடும்.

வாராவாரம் வந்த பழைய தொடர்களில் ஒவ்வொரு எபிசோடும் தனக்கென்று ஒரு தொடக்கம், ஒரு முடிவு வைத்திருந்தது. இன்றைக்குப் பார்த்தாலும் ஒரு திருப்தி இருக்கும். இப்போது எபிசோட் என்பது ஒரு நீளமான படத்தில் எங்கோ போட்ட வெட்டு என்றாகிவிட்டது. மொத்தமாக விடும் பழக்கம் செய்த பெரிய கெடுதல் இதுதான் என்று நினைக்கிறேன். ‘அயலி’யை நான் எல்லோருக்கும் சொல்வதற்குக் காரணம், அதில் ஒவ்வொரு எபிசோடும் அந்தப் பெண் அடுத்து எப்படித் தப்பிக்கிறாள் என்று தனித்தனியாகவே நிற்கிறது. வயதுக்கு வந்ததை மறைத்துப் படிக்கப் போகும் பெண்ணின் கதை. குழந்தைத் திருமணத்தைத் தடுக்க அதிகாரிகள் இன்னும் அலையும் கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற நம் இரண்டு மாவட்டத்திலும் அதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்க்கலாம்.

"டைட்டில் பாட்டு எங்கப்பா போச்சு? சீரியல்னா பாட்டுதானே ஞாபகம் வரும்?"

‘சித்தி’ பாட்டு பக்கத்து வீட்டில் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்த காலம் அது. அந்தப் பாட்டு ஒரு மணி அடிப்பது மாதிரி, ஆரம்பிக்கப் போகிறது வந்து உட்காருங்கள் என்று கூப்பிடும். ஆப்பில் யாரையும் கூப்பிடத் தேவையில்லை, நீங்கள்தான் அழுத்தித் தொடங்குகிறீர்கள். அதோடு ஒரே ராத்திரியில் எட்டு முறை அதே பாட்டு வந்தால் எரிச்சல். நெட்ஃபிளிக்ஸ் 2017-இல் தொடக்கத்தைத் தாண்டும் பட்டனையே வைத்துவிட்டது. முன்கதைச் சுருக்கமும் இதே கதைதான். நேற்று நடந்ததைச் சொல்ல, நேற்று என்று ஒன்று வேண்டுமே.

"டிவில ராத்திரி வர்ற சீரியலை அவங்க காலையிலயே பாத்துட்டோம்ங்கிறாங்க. நெசமா?"

நிஜம்தான். சன் நெக்ஸ்ட் 2017-இல் வந்த பிறகு விட்ட சீரியலைப் பிறகு பார்ப்பது பழக்கமானது. 2019-இல் ஹாட்ஸ்டார், பணம் கட்டியவர்களுக்கு ஸ்டார் குழும சீரியல்களை டிவிக்கு முன்னால் காலையிலேயே தரத் தொடங்கியது. சேனல் தன் கையாலேயே தன் எட்டு மணியைத் தளர்த்திவிட்டது.

எங்கள் பக்கம் இதை அதிகம் பயன்படுத்துபவர்கள் மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போகும் பெண்கள். சீசனில் ஷிப்ட் மாறி மாறி வரும், ராத்திரி சீரியல் கிடையாது. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் போனைத் தூக்கு வாளியில் சாய்த்து வைக்க, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து பார்க்கிறார்கள். விளம்பரமும் பாட்டும் தள்ளினால் 20 நிமிடம். சாப்பிட்டுக் கை கழுவ நேரம் இருக்கும். சீரியல் அப்படியேதான் இருக்கிறது, பார்க்கும் நேரம் மட்டும்தான் சேனல் கையை விட்டுப் போனது.

"ஓசூர் கம்பெனி பஸ்ல போகும்போது பாக்கறேன், டேட்டா பத்தல. என்ன பண்ணலாம்?"

முந்தின நாள் ராத்திரியே வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நெட்ஃபிளிக்ஸ் கணக்குப்படி எச்டியில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை போகும்; தினசரி டேட்டா பேக்கில் ஒரு எபிசோடுக்கே மூச்சு முட்டும். போன் திரைக்குத் தரத்தைக் குறைத்து வைத்தாலே போதும், வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போய்ச் சேரும் நேரத்தில் நாற்பது, நாற்பத்தைந்து நிமிட எபிசோட் ஒன்று முடிந்துவிடும்.

"வெப் சீரிஸ்ல இத்தனை கெட்ட வார்த்தை வருதே, சென்சார் கிடையாதா? ஊட்ல பசங்க இருக்காங்க."

சினிமாவுக்கு இருப்பது போன்ற சென்சார் கிடையாது. டிவிக்குக் கேபிள் சட்டத்தின் கீழ் நிகழ்ச்சி விதிகள் உண்டு. ஆப்களுக்கு 2021 பிப்ரவரியில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகள்தான். அதன்படி அவர்களே வயது வகை போட வேண்டும்: யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ. 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டு வசதி தர வேண்டும்.

அந்தப் பூட்டை யாரும் போடுவதில்லை என்பதுதான் நான் பார்த்தது. ஆப்பின் அமைப்புகளில் போய் நாலு இலக்க எண் வைத்தால் முடிந்தது, குழந்தைக்குத் தனி ப்ரொஃபைலும் போடலாம். கெட்ட வார்த்தை கதைக்குத் தேவையா என்றால், சில இடத்தில் தேவை. பல இடத்தில் இங்கே யாரும் கேட்க மாட்டார்கள் என்று காட்டுவதற்காகவே வைக்கிறார்கள்.

"காசு கட்டியும் விளம்பரம் வருதே, இது என்ன நியாயம்?"

அமேசான் பிரைம் வீடியோவில் 2025 ஜூன் 17 முதல் இந்தியாவில் விளம்பரம் வருகிறது. வேண்டாம் என்றால் கூடுதலாகக் கட்ட வேண்டும். சந்தா மட்டும் வைத்து லாபம் பார்ப்பது கஷ்டம் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

நியாயத்தை விடுங்கள், கதைக்கு என்ன ஆகும் என்று பாருங்கள். விளம்பரம் இல்லை என்று நினைத்து எழுதிய எபிசோடில் நடுவில் விளம்பரம் வந்தால், அழும் காட்சிக்கு நடுவே சோப்பு வரும். சீரியல்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவர்கள் இடைவெளியை எதிர்பார்த்தே எழுதுகிறார்கள். இனி ஆப்புக்கு எழுதுபவர்களும் அந்த மூன்று ஜூமைக் கற்றுக்கொள்வார்களோ என்னவோ.

"நூறு எபிசோட் வெப் சீரிஸ்னு ஒண்ணு வந்துச்சே, அது சீரியல்தானேப்பா?"

‘ஹார்ட் பீட்’டைச் சொல்கிறீர்கள். 2024 மார்ச்சில் ஹாட்ஸ்டாரில் ஆரம்பித்து, வாரத்துக்கு நான்கு எபிசோடாக நூறு வரை போன மருத்துவமனைக் கதை. அது சீரியலா, வெப் சீரிஸா என்று சண்டை போடத் தேவையில்லை, இரண்டுக்கும் பிறந்தது. எண்ணிக்கையும் வந்த விதமும் சீரியல். முடிவு தெரிந்து எழுதியது, மாமியார் மருமகள் இல்லாதது, இளவட்டம் போனில் பார்த்தது எல்லாம் வெப் சீரிஸ். மேலே வாராவாரம் பற்றிச் சொன்னதைச் சேர்த்துப் பாருங்கள்: நூறு எபிசோட் என்றால் ஆறு மாதத்துக்கு ஆள் ஆப்பை விட்டுப் போக மாட்டார். தமிழில் இனி இந்த வகைதான் அதிகம் வரும் என்று எனக்குத் தோன்றுகிறது. எட்டு எபிசோட் வகைக்கு ஆகும் செலவு அதிகம், தினமும் ஒரு வாய் கதை கேட்கும் நம் பழக்கமும் போகவில்லை.

"நல்லா ஓடுச்சு, நல்லா ஓடலன்னு எதை வெச்சு சொல்றாங்க? அங்கயும் டிஆர்பி உண்டா?"

டிவிக்கு பார்க் (BARC) என்ற அமைப்பு, தேர்ந்தெடுத்த வீடுகளில் கருவி வைத்து வாரா வாரம் கணக்குச் சொல்கிறது. வியாழக்கிழமை அது வந்தால் சீரியல் கம்பெனிகளில் ஒன்று சிரிப்பு, இல்லையென்றால் கதை மாற்றம். ஆப்பில் கருவியே தேவையில்லை. நீங்கள் எந்த நொடியில் நிறுத்தினீர்கள் என்பது வரை அவர்களுக்குத் தெரியும், வெளியே சொல்வதுதான் குறைவு. நெட்ஃபிளிக்ஸ் 2023 ஜூனிலிருந்து மொத்தம் பார்த்த மணி நேரத்தைத் தொடரின் நீளத்தால் வகுத்து, அதை "பார்வை" என்று வெளியிடுகிறது. வகுக்காவிட்டால் பத்து மணி நேரத் தொடர் சும்மாவே ஆறு மணி நேரத் தொடரை முந்திவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது: சீரியலுக்கு நேற்றைய எபிசோடை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது கேள்வி. ஆப்புக்கு எத்தனை பேர் கடைசி வரை வந்தார்கள் என்பதும் பெரிய கேள்வி. எபிசோட் எண்ணிக்கை குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். பத்தை முடிப்பவரைவிட ஆறை முடிப்பவர் அதிகம்.

"பாதி பாத்து வெச்சிருந்தேன், இப்ப தேடினா காணோம். எங்க போச்சு?"

எடுத்துவிட்டிருப்பார்கள். வேறொருவரிடம் உரிமை வாங்கிப் போட்டது என்றால் காலம் முடிந்ததும் போய்விடும். சொந்தமாக எடுத்ததையே தூக்கியதும் உண்டு. டிஸ்னி ‘வில்லோ’ என்ற தன் தொடரை 2022 நவம்பரில் வெளியிட்டு, 2023 மே மாதமே ஆப்பிலிருந்து எடுத்துவிட்டது. வைத்திருப்பதற்கும் செலவு இருக்கிறது. சந்தா கட்டுவது பார்ப்பதற்கு மட்டும்தான், அதில் எதுவும் நமக்குச் சொந்தமாவதில்லை.

"அண்ணா, நான் விஸ்காம் படிக்கிறேன். எழுதறவங்களுக்கு இந்த மாற்றம் நல்லதா கெட்டதா?"

தருமபுரி கல்லூரி ஒன்றில் படிக்கும் பையன் கேட்டது. எழுத்தின் தரத்துக்கு நல்லது, எழுதுபவரின் பாக்கெட்டுக்கு அப்படிச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் 22 எபிசோட் என்றால் வருடத்தில் பெரும்பகுதி வேலை. எட்டு என்றால் சில மாதம்தான். டிவியில் மறு ஒளிபரப்பு ஆகும்போதெல்லாம் எழுதியவருக்கு ஒரு தொகை வரும், ஆப்பில் அது சுருங்கிவிட்டது. 2023 மே 2 முதல் செப்டம்பர் 27 வரை, 148 நாள் அங்கே எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததில் இதுவும் முக்கியக் கோரிக்கை. கடைசியில் அதிகம் பார்க்கப்படும் ஆப் தொடர்களுக்கு ஊக்கத்தொகையும், ஒரு தொடருக்குக் குறைந்தது இத்தனை எழுத்தாளர் என்ற விதியும் கிடைத்தன.

இங்கே பார்த்தால், நாள் கணக்கில் சம்பளம் வாங்குபவருக்கு ஆயிரம் எபிசோட் சீரியல்தான் வீட்டு வாடகை. வெப் சீரிஸ் பேர் வாங்கித் தரும். அந்தப் பையனிடம் சொன்னது: இரண்டிலும் எழுதிப் பழகு, இருபது நிமிடத்தில் ஒரு சண்டையை ஆரம்பித்து முடிக்கத் தெரிந்தவனுக்கு எங்கேயும் வேலை உண்டு.

"என் பையன் எல்லாத்தையும் ஒன்றரை மடங்கு வேகத்துல ஓட விட்டுப் பாக்கறான். இது தப்பில்லையா?"

அந்த வசதியை ஆப்பே தருகிறது. நெட்ஃபிளிக்ஸ் 2020-இல் போனில் கொண்டுவந்தது. அதைச் சோதித்துப் பார்த்தபோதே இயக்குநர்கள் பலர் சண்டைக்கு வந்தார்கள். நாங்கள் வைத்த மௌனத்தை நீங்கள் யார் குறைக்க என்பது அவர்கள் கேள்வி. மேலே தொய்வு பற்றிச் சொன்னேனே, அந்த மாதிரி எபிசோடுகளுக்கு இது பையன் கண்டுபிடித்த மருந்து. எட்டு மணி நேரத்தை ஐந்தரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறான். நல்ல தொடருக்கும் அதையே செய்தால் பயம் வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வரும், அது அவனுக்கே தெரிந்துவிடும். நீங்கள் கூட உட்காரும்போது மட்டும் சாதாரண வேகத்தில் வைக்கச் சொல்லுங்கள்.